மூன்றரை மணிக்குப் பிறகு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை. கல்விக் குழுத் தலைவி. செலவைப் பார்க்கிற அதிகாரி. பெயரைச் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை, நீல டை கட்டியிருந்தார், எனக்கு அவர் டைக்காரர். சாயங்காலத்தில் பிள்ளைகளை விளையாட விடும் விசில் மாஸ்டர். அவர்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா. மருந்துக்கடை அம்மா. இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, டாக்ஸி ஓட்டுகிறவர். பாதியில் சவாரி வந்து எழுந்து போனார், ஆனாலும் வந்தார், வந்ததை வரவில் வைக்கிறேன். என் மகள். நான். பின்வரிசையில் இன்னும் கொஞ்சம் பெற்றோர், கொட்டாவி விட மட்டும் வாய் திறந்தவர்கள்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், நாளைக்கு எவரும் வந்து, நான் அந்த இடத்திலேயே இல்லையே என்று சொல்லக்கூடாது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணல்தான். ஞாபகம் கோணல் இல்லை.

விஷயம் இதுதான். மூன்றரைக்குப் பள்ளி விட்ட பிறகு, ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகள் ஏழரை மணி வரை அங்கேயே இருக்கலாம். பந்து ஆடலாம், பாடம் எழுதலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். வேலைக்குப் போன பெற்றோர் திரும்பும் வழியில் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்கான பணத்தை இந்த மாதத்தோடு வெட்டப் போகிறார்களாம். அப்படிப் பச்சையாகச் சொன்னால் தேவலை. சொல்லவில்லை. டைக்காரர் சுவரில் படம் காட்டினார். ஒரு வட்டம், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கலர். எங்களுடையது மஞ்சள். இருப்பதிலேயே மெலிந்த துண்டு. அதைத்தான் எடுப்பாராம்.

“நிறுத்தறோம்னு யாரும் சொல்லலையே. முன்னுரிமைகளை மாத்தி அமைக்கிறோம், அவ்வளவுதான்.”

சொல்லிக்கொண்டே ஒரு கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமைப் பல்லால் வழித்துத் தின்றுவிட்டு, வெறும் பிஸ்கட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. நரைத்த மீசை வைத்த ஆள். தலைவி கடைசியில் எழுந்து, உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம் என்றாள். உணர்வாம். என் பேத்தி மூன்றரை மணிக்கு மேல் எங்கே நிற்பாள் என்று கேட்டால், அது எனக்கு உணர்வாம்.

பிப்ரவரி 4, புதன்

அந்த நக்கின பிஸ்கட் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தூ.

பிப்ரவரி 6, வெள்ளி

வேலையிடத்தில் சொன்னேன். ஓட்டலின் துணி அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை எனக்கு. மத்தியானம் போனால் ராத்திரி எட்டாகும். ஒரு முனை நான் பிடிப்பேன், மறுமுனையை இன்னொருத்தி பிடிப்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மறுமுனை என்றால் அவள்தான். மெஷின் சத்தத்தில் தள்ளி நிற்கும்போது ஒன்றும் கேட்காது. மடித்துக்கொண்டே கிட்டே வரும்போதுதான் ஒரு வார்த்தை பேசலாம். மூலையை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி விலகிப் போகவேண்டும். அதனால் எங்களுக்குள் எந்தக் கதையும் தவணை முறையில்தான்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலத்தை மூடுகிறார்கள் என்றேன். அடுத்த விரிப்பில், எதற்காம் என்றாள். அதற்கு அடுத்ததில், காசு இல்லையாம் என்றேன். இன்னொன்று மடித்துக் கிட்டே வந்தபோது கேட்டாள்:

“அப்போ உன் பேத்தி?”

மூலையை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகிப் போனேன்.

மகளுக்குப் பெட்டி கட்டும் கம்பெனியில் வேலை. ஏழு தாண்டித்தான் வருவாள். மருமகனைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை, காகிதம் வீண். பேத்தி ஆறாம் வகுப்பு சேர்ந்த புதிதில், இந்தச் சாயங்கால ஏற்பாட்டில் இடம் கிடைக்காமல், கழுத்தில் சாவியைக் கட்டிக்கொண்டு தனியாக வீட்டில் இருந்தாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுகிறேன், திறக்கவில்லை. மகளும் அன்றைக்குத் தாமதம். என்னிடமிருந்த சாவியால் திறந்து பார்த்தால் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. பிள்ளை சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிப் பையைக் கழற்றவில்லை. யாரோ ரொம்ப நேரம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். போய்விட்டு மறுபடி வந்து தட்டினார்களாம். யார், எதற்கு, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அதற்கு அடுத்த மாதம்தான் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் நானும் மனுஷியாக வேலை பார்க்கிறேன்.

அது மெலிந்த மஞ்சள் துண்டாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எனக்கு வார விடுமுறை. பள்ளிக்கூடத்து மைதானத்துச் சுவரோரம் நின்று பார்த்தேன். பேத்தி வாலிபால் ஆடுகிறாள். பந்தை அடிக்கிறவள் இல்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை விரல் நுனியால் மேலே தூக்கிக் கொடுக்கிறவள். ஒரு நெட்டைப் பெண் ஓடிவந்து எம்பி அதை அடிக்கிறாள். கைதட்டல் நெட்டைக்கு. எனக்கு ஆத்திரம். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், ஏண்டி, நீ அடிச்சா ஆகாதா என்று.

“நான் சரியாத் தூக்கிக் குடுக்கலைன்னா அவ எதைப் பாட்டி அடிப்பா?”

பேச்சைப் பார். ஆனால் சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு தெளிச்சல். மேசைக்கு அடியில் பார்த்த முகமா இது என்று எனக்கே சந்தேகம்.

விசில் மாஸ்டர் ஒல்லி, கழுத்தில் பச்சைக் கயிறு, அதில் விசில். நீளமாக ஒரு தரம் ஊதினால் போதும், அத்தனை வானரமும் சிலையாகி, உயர வாரியாக வரிசையில் நின்றுவிடும். என் சொல்லுக்கு இந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட அப்படி அடங்கியதில்லை. நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, வெயில்ல நிக்காதீங்கம்மா என்று தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவர் சம்சாரம் மாசமாக இருக்கிறாளாம், டீச்சரம்மா சொன்னாள்.

நல்ல மனுஷன். கெட்டதை மட்டும்தான் எழுதுவேன் என்று மகள் சொல்கிறாள், அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

மருந்துக்கடை அம்மா ஒரு மனு எழுதினாள். அதற்குக் கையெழுத்து வாங்கக் காலையில் மாடி மாடியாக ஏறினேன். கீழ்வீட்டுக்காரி கதவை ஒரு சாண் திறந்து, எங்க வீட்ல அந்த வயசுப் பிள்ளையே இல்லையே, நான் ஏன் போடணும் என்றாள். இவள் மகன் அந்தப் பள்ளியில் படித்து, ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே கிடந்து வளர்ந்தவன். மழை நாளில் அவனுக்கு என் குடையைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குடை திரும்பி வரவில்லை. கருப்பு, மரக் கைப்பிடி. குடையைக் கேட்கவா கையெழுத்தைக் கேட்கவா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். குடையைக் கேட்டேன். கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மனுவைக் கொடுக்கக் கல்வி அலுவலகம் போனோம். மருந்துக்கடை அம்மா, நான். நடைபாதையில் நல்ல சோபா. தண்ணீர் மெஷின். மூலைக்கு மூலை பூத்தொட்டி, இலைக்குக்கூட எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி மினுமினுப்பு. மூன்று பேர் உட்காரும் சோபாவில் காத்திருந்து காத்திருந்து என் இடுப்பு செத்துவிட்டது. கடைசியில் டைக்காரர் வந்தார். இன்றைக்கு மெரூன் டை. மனுவை வாங்கிப் படிக்காமலே மடித்தார். மடிக்கத் தெரியவில்லை, ஓரம் ஒட்டவில்லை.

பிள்ளைகள் தனியாக இருக்க நேரும் என்று மருந்துக்கடை அம்மா நிதானமாகத்தான் சொன்னாள். அவர் என்னைக் கை காட்டிச் சிரித்தார்.

“அதான் வீட்ல பாட்டி இருக்காங்களே மேடம். இதைவிட என்ன வேணும்? நம்ம குடும்பங்களோட பலமே அதுதானே.”

நான் வேலைக்குப் போகிறேன் என்றேன்.

“இந்த வயசுலயா? பாவம், ஓய்வெடுங்கம்மா.”

எனக்குப் பாவம் பார்த்தான் ஐயா. என் கைக்காசில் வாங்கின செருப்பை மாட்டிக்கொண்டு, என் கைக்காசில் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்து ஓய்வெடு என்கிறான். அவருடைய படத்தில் எனக்கும் ஒரு கலர் கொடுத்திருக்கிறார் போல. இலவசக் கலர். சீ! மரியாதையாக அவர் இவர் என்று எழுதி வந்தேன், பேனா தானாக மாறிவிட்டது. மாறினது மாறினதாக இருக்கட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

விரிப்பு மடிக்கும்போது டைக்காரன் பேச்சைச் சொன்னேன். மறுமுனை சிரித்துவிட்டு விலகிப் போனாள். திரும்பி வந்தபோது, நீ பேசாம பிள்ளையை அந்த சோபாவுலயே கொண்டுபோய் உட்கார வெச்சிடு என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

வீடு வந்து சேருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏன் கூடாது? நம் பிள்ளை மட்டும் ஏன்? அத்தனை பிள்ளைகளும் போனால்?

பிப்ரவரி 24, செவ்வாய்

போனோம். மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் நேராகக் கல்வி அலுவலகம். டாக்ஸிக்காரர் இரண்டு நடை அடித்துப் பிள்ளைகளை இறக்கினார். மிச்சம் பேர் என் பின்னால் நடந்து வந்தார்கள். விசில் மாஸ்டரிடம் சொல்லவில்லை, அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

கோஷம் போடவில்லை. பலகை பிடிக்கவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்: ஸ்கூல் விட்டாச்சு, போறதுக்கு வேற இடமில்லை. பிள்ளைகள் சோபாவில் பாடம் எழுதினார்கள். தரையில் கவிழ்ந்து படுத்து எழுதினார்கள். இரட்டையர்கள் லிப்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உள்ளே மாட்டிக்கொண்ட அதிகாரிகளுக்கு மாடி மாடியாக வணக்கம் சொன்னார்கள். நெட்டை, கணக்குப் பிரிவுச் சுவரில் பந்தை அடித்தாள். உள்ளே இருந்து எட்டிப் பார்த்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். சாத்தினால் போகிற சத்தமா அது? தண்ணீர் மெஷின் காலி. ஒரு குமாஸ்தா என்னிடம் வந்து, இவங்க எப்பவுமே இப்படித்தானா என்றார். இல்லை, இன்னைக்குக் கொஞ்சம் களைப்பு என்றேன்.

பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி, இவங்க நம்மளை வெறுக்கிறாங்க என்று கிசுகிசுத்தாள். வெறுக்கட்டும், நாளைக்கும் வருவோம் என்றேன். அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று நான் இப்படி ஒரு சாயங்காலத்தை ருசித்து.

பிப்ரவரி 25, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மகள் அரை நாள் விடுப்பு. நேற்றைக்கு வராத பெற்றோரும் வந்திருந்தார்கள். சத்தம் நேற்றைவிட அதிகம். டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச முடியாமல் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவியே அறையிலிருந்து வெளியே வந்தாள். பின்னால் டைக்காரன்.

“தினமும் இப்படியே வரப்போறீங்களா?”

என்னைத்தான் கேட்டாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம் வருவோம் என்றேன்.

அவள் டைக்காரனைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான். என் கண்ணால் பார்த்தேன், அவள் தோள் தளர்ந்தது. பெருமூச்சு விட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்:

“சரி. இந்த வருஷம் முடியற வரைக்கும் இதை…”

அவ்வளவுதான். அவ்வளவுதான் வந்தது அவள் வாயிலிருந்து. இதை நிறுத்தி வைக்கிறோம் என்று வரவேண்டிய இடம். அந்த நேரம் பார்த்துப் பந்து போய் ஒரு பூத்தொட்டியில் பட்டது. தொட்டி சாய்ந்து உடைந்து, பளபளத் தரையெல்லாம் மண். அதே நேரம் பார்த்து விசில் மாஸ்டர் படியேறி வந்தார். இரண்டாவது நாளாக மைதானத்தில் பிள்ளைகளைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். மண்ணைப் பார்த்தார், தலைவியைப் பார்த்தார், முகம் சிவந்துபோயிற்று. யாரோ அவரையே திட்டிவிட்ட மாதிரி.

விசிலை எடுத்தார். நீளமாக ஊதினார்.

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஓடி வந்து உயர வாரியாக வரிசை கட்டினார்கள். என் பேத்தியும். மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அந்த அமைதியில் தலைவியின் முகத்தைப் பார்த்தேன். கால் சுளுக்கு விட்ட மாதிரி ஒரு நிம்மதி.

“மன்னிச்சிடுங்க மேடம். நம்ம பிள்ளைங்க இப்படிக் கிடையாது” என்றார் மாஸ்டர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இவங்களை நான் பார்த்துக்கறேன். சம்பளம் இல்லாட்டியும் பரவாயில்லை. சாயங்காலம் நான் சும்மாவே வந்து நின்னுக்கறேன்.”

கைதட்டினார்கள். முதலில் தட்டியது என் மகள். கண்ணில் தண்ணீரோடு தட்டினாள். மருந்துக்கடை அம்மா தட்டினாள். குமாஸ்தாக்கள் கதவைத் திறந்து வந்து தட்டினார்கள். டைக்காரன் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். தட்டமாட்டானா பின்னே! தலைவி மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படிப்பட்டவங்க இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்றாள்.

அவள் பாதியில் விட்ட வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். இந்த வருஷம் முடியற வரைக்கும் என்னம்மா, முடிங்க என்றேன். கைதட்டலில் கேட்கவில்லை அவளுக்கு. கேட்காத மாதிரி போனாளோ.

கீழே இறங்கி வந்ததும் மாஸ்டரை நிறுத்தினேன். ஏன் ஊதினீங்க?

“பூத்தொட்டி உடைஞ்சிடுச்சேம்மா.”

பிப்ரவரி 27, வெள்ளி

பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. சாயங்கால ஏற்பாட்டுக்கான பணம் நிறுத்தப்படுகிறது, தன்னார்வலர்களின் ஒத்துழைப்போடு அது தொடரும். வாகாகத் தூக்கிக் கொடுத்தார் மாஸ்டர். அவர்கள் எம்பி அடித்துவிட்டார்கள்.

மார்ச் 3, செவ்வாய்

மாஸ்டருக்குப் பள்ளியில் பாராட்டு. தலைமையாசிரியை மேடையில் நின்று, பிள்ளைகள் மேல் இப்படி ஒரு அன்பா என்று தழுதழுத்தாள். அன்புதான் அம்மா, உன் சம்பளத்தை நீயும் ஒருநாள் விட்டுக்கொடுத்துப் பாரேன். பெற்றோர் சார்பில் பூங்கொத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், மூத்தவள் என்று. மூட்டு வலி, எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு எல்லாருக்கும் முன்னால் எழுந்து, நடந்து, வெளியே போனேன்.

வீட்டில் மகளோடு சண்டை.

“உனக்கு யாரைத்தான்மா பிடிக்கும்? மனுஷன் சும்மா செய்றேங்கறார், அதுலயும் குத்தமா?”

சும்மா செய்கிறேன் என்றதுதான் குற்றம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

வேலைக்குப் போகும் பஸ்ஸில் டீச்சரம்மா. என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளை நிறுத்திவிட்டார்களாம். கேட்கப் போனதற்கு டைக்காரன், மாஸ்டர் சம்பளமே வேண்டாம்னுட்டார், உங்களுக்கு அந்த மனசு இல்லையா என்றானாம்.

“நான் என்னம்மா சொல்றது? எனக்கும் மனசு இருக்கு. வாடகையும் இருக்கு.”

இப்போது கடையொன்றில் வேலை கேட்டுப் போகிறாள். இந்தப் பெண்ணின் பிழைப்பையும் சேர்த்துத்தான் அன்றைக்குக் கைதட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் ஒரு வார்த்தை இவளைக் கேட்டாரா? கேட்கவில்லை. யார் மேல் என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாத அருவருப்பு.

மார்ச் 24, செவ்வாய்

மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். விசில் வாயிலேயே இருந்தது, மூச்சு விடும்போதெல்லாம் லேசாகக் கீச்சிட்டது. பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். விடியற்காலையில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுகிற வேலையை எடுத்திருக்கிறாராம். சம்சாரத்துக்கு நாள் நெருங்குகிறது. பாவமாகத்தான் இருந்தது. பாவம் வேறு, இது வேறு.

ஏப்ரல் 9, வியாழன்

இனி வாரத்தில் இரண்டு நாள்தான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். பேத்தி இதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், ஏதோ தான் செய்த தப்பு மாதிரி.

ஏப்ரல் 17, வெள்ளி

முடிந்தது. மாஸ்டருக்கு ஒரு கிடங்கில் சாயங்கால ஷிப்ட் கிடைத்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருக்கும்போது வேண்டாம் என்றா சொல்வார். பள்ளி வாசலில் புதுக் காகிதம்: தன்னார்வலர் கிடைக்காததால். படித்துவிட்டுச் சிரித்தேன். எவ்வளவு சுத்தமான வேலை! அவர்கள் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தவில்லை. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மறுபடி சோபாவுக்குப் போகலாம் என்று மருந்துக்கடை அம்மாவுக்குப் போன் செய்தேன். இப்போ யாரைப் போய்க் கேட்கறதும்மா, அவங்கதான் ஒண்ணும் செய்யலையே என்றாள். டாக்ஸிக்காரர் இரட்டையர்களைத் தன் அக்கா வீட்டில் விட ஏற்பாடு செய்துவிட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலைக்குப் போயாயிற்று.

ஏப்ரல் 22, புதன்

நான் பெரியவள், தனியா இருந்துக்குவேன் என்று பேத்தி சத்தியம் செய்தாள். திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. இன்றைக்கு மகளுக்குத் தாமதம், நான் வேலை முடிந்து வந்து சாவி போட்டேன். கதவு திறக்கவில்லை. உள்ளே நாற்காலியை இழுக்கிற சத்தம். பிறகு மேசையை இழுக்கிற சத்தம். பிறகு திறந்தாள்.

ஒண்ணுமில்லை பாட்டி, சும்மாதான் வெச்சேன் என்றாள். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

மகள் வந்து அந்த மேசையைப் பார்த்தாள். அவள் கம்பெனி வேலையை விட்டால் வாடகை இல்லை. என் வேலைதான் சின்னது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏப்ரல் 30, வியாழன்

துணி அறையில் கடைசி நாள். மேனேஜர், இனிமேலாவது ஓய்வா இருங்கம்மா என்றார். அந்த வார்த்தை ஊரெல்லாம் தொற்றிவிட்டது.

மறுமுனை நாள் முழுக்கக் கிட்டே வரும்போதெல்லாம் மூலையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கடைசி விரிப்பில்தான் கேட்டாள், நாளைக்கு இந்த முனையை யார் பிடிக்கப் போறாங்கன்னு தெரியுமா என்று. தெரியாது என்றேன். நைந்து கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றை மேனேஜரிடம் சொல்லிவிட்டு என் பையில் திணித்தாள். நன்றாகத் துவைத்துத் துவைத்துப் பட்டு மாதிரி ஆனது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அழவில்லை. டைக்காரனுக்கு அந்தச் சந்தோஷம் எதற்கு.

மே 8, வெள்ளி

மூன்றரை தாண்டிக் கதவு தட்டினார்கள். பேத்தி என் பின்னால் வந்து நின்றாள். திறந்தால் விசில் மாஸ்டர். கிடங்கு வேலைக்குப் போகிற வழியாம். கழுத்தில் பச்சைக் கயிறு இல்லை. வெறும் கழுத்து, உரித்த கோழி மாதிரி. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்.

“அன்னைக்கு நீங்க மட்டும் கைதட்டலைம்மா. நான் பார்த்தேன்” என்றார். டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்.”

நல்லதுதான் நினைத்தீர்கள் என்றேன். அவர்களுடைய பூத்தொட்டி உடைந்ததும் உங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அவர்கள் எங்களை வெட்டினபோது அவர்களுக்கு வெட்கமாக இருந்ததா?

டம்ளரைச் சுற்றுவதை நிறுத்தினார். பேத்தியைப் பார்த்து, விரல் பயிற்சியை விட்டுடாதே என்றார். தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்த மரியாதைதான், அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான், எல்லாவற்றையும் கெடுத்தது.

மே 19, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை நாள் என்று இன்னும் பழக்கத்தில் நினைத்துக்கொள்கிறேன். இப்போது எல்லா நாளும் அப்படித்தான். பேத்தி சமையலறைச் சுவரில் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பழகுகிறாள். எதிரில் ஓடிவந்து அடிக்க யாரும் இல்லை. பந்து அவளிடமே திரும்பி வருகிறது. கீழ்வீட்டுக்காரி சத்தம் என்று புகார் சொல்ல மேலே வந்தாள். என் குடையைக் கேட்டேன், போய்விட்டாள். டைக்காரன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. வீட்டில் பாட்டி இருக்கிறாள்.

மாஸ்டருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று பேத்தி சொன்னாள். மறுமுனை கொடுத்த விரிப்பை எடுத்தேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ என்றேன். மடித்து, அளவாகக் கத்தரித்து, ஓரம் தைத்தேன். பச்சைக் குழந்தைக்குப் போட அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. கட்டிக் கொடுத்து, போய்க் கொடுத்துட்டு இருட்டறதுக்குள்ள வந்துடு என்றேன்.

“அப்போ மாஸ்டர் மேல கோபம் போயிடுச்சா பாட்டி?”

“துணி குழந்தைக்குடி.”

அவள் போன பிறகு, முதல் நாள் மண்டபத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். டைக்காரன் வெட்ட வந்தான், படம் போட்டுக் காட்டிவிட்டே வெட்டினான். அவனைப் பார்த்தால் துப்புவேன், அதோடு தீர்ந்தது. தலைவி, தலைமையாசிரியை, அவரவர் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மருந்துக்கடை அம்மா களைத்துவிட்டாள். முதலில் கைதட்டியவள் என் வயிற்றில் பிறந்தவள், ஒரே அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது, மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை.

ஒருத்தரை மட்டும் முடியவில்லை. நல்ல மனுஷன். பிப்ரவரி பத்தாம் தேதி நானே அப்படி எழுதியிருக்கிறேன், அதை அடிக்கப் போவதில்லை. அவர் குழந்தை நன்றாக இருக்கட்டும். ஆனால் அவருக்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது.

விசில் மாஸ்டர்.